பாஸ்திச்சோ என்றால் கதம்பம்

மேற்கத்திய இசைநாடகம், அதாவது ஆப்பெரா, பற்றிப் படிக்கும்போது பாஸ்திச்சோ என்ற இத்தாலியச் சொல் வரும். அகராதியைப் புரட்டினால் முதலில் கிடைப்பது சாப்பாடு: மாவு உறைக்குள் இறைச்சியோ பாஸ்டாவோ அடைத்து ஓவனில் சுட்ட பண்டம். ஃபெர்ராரா நகரத்தில் மேல்மாவு இனிப்பு, உள்ளே மக்ரோனியும் கொத்துக்கறிக் குழம்பும். வெனிஸ் பக்கம், பாஸ்டாத் தகடுகளை அடுக்கிச் சுடும் லசானியாவையே பாஸ்திச்சோ என்பார்கள். பிசைந்த மாவைக் குறித்த பிற்கால லத்தீன் சொல்தான் வேர், பாஸ்டா, பேஸ்ட்ரி எல்லாம் இதன் உறவுக்காரர்கள். பேச்சுவழக்கில் குளறுபடி என்றும் ஒரு பொருள் உண்டு.

இசைக்கு எப்படிப் போனது? 18ஆம் நூற்றாண்டில் பல பேர் இயற்றிய பாட்டுகளைப் பொறுக்கியெடுத்து ஒரே கதையில் கோத்து மேடையேற்றுவது சாதாரணம், பாடகர்களே தங்களுக்குப் பேர் வாங்கித் தந்த பாட்டைப் பெட்டியில் வைத்துக்கொண்டு ஊர் ஊராகப் போய் எந்த நாடகமானாலும் அதற்குள் நுழைத்துவிடுவார்கள், அதற்குப் 'பெட்டிப் பாட்டு' என்றே பெயர். 1735இல் இத்தாலியின் வெரோனாவில் இசையமைப்பாளர் விவால்டி அரங்கேற்றிய 'பயாசெட்' இந்த வகைதான். கதையில் போரில் தோற்றுப்போன துருக்கிச் சுல்தான் பயாசெட்டுக்கும் அவர் மகளுக்கும் விவால்டி பெரும்பாலும் தன் பாட்டையே கொடுத்தார், வென்ற மன்னர் தைமூர் தரப்புக்கு மற்றவர்களுடைய பாட்டு. ஏனோதானோ என்று ஒட்டியதாக இதைச் சொல்ல முடியாது, யாருக்கு எந்தப் பாட்டு என்று யோசித்தே செய்திருக்கிறார். 2011 கடைசி நாளில் நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் ஆப்பெரா அரங்கம் ஹாண்டெல், விவால்டி, ராமோ போன்ற அந்தக் கால இசையமைப்பாளர்களின் பாட்டுகளைக் கோத்துப் புதிதாக ஒன்றை மேடையேற்றியது.

சரி, தமிழில்? கலவை என்றால் எனக்கு ஒப்பவில்லை, கலவையில் எதுவும் தனியாகத் தெரியாது. ஆளுக்கு ஒரு பொருள் கொண்டுவந்து பொங்கும் கூட்டாஞ்சோறு நல்ல சொல், ஆனால் அங்கே எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து சமைக்கிறார்கள், பாஸ்திச்சோவில் பாட்டு போட்டவருக்கே தன் பாட்டு எங்கே போய்ச் சேர்ந்தது என்று தெரியாமல் இருக்கலாம். கதம்பம்தான் பொருத்தம். மல்லி மல்லியாக, கனகாம்பரம் கனகாம்பரமாக, மரிக்கொழுந்து அதன் வாசனையோடு, சரம் மட்டும் ஒன்று. கதம்ப சாதம் இருப்பதால் சமையலுக்கும் இந்தச் சொல் புதிதல்ல. அதனால் மேடைக்குக் 'கதம்ப இசைநாடகம்' என்று துணிந்து எழுதலாம், தட்டில் வரும் பண்டத்துக்குப் பாஸ்திச்சோ என்ற பெயரே இருக்கட்டும்.

அப்புறம், இதிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்த பாஸ்டீஷ் வேறு. அது இன்னொருவர் பாணியில் எழுதுவது, அதற்குக் கதம்பம் என்று போட்டால் தப்பு.