கூட்டம் அதிகமான நூலகத்தை விரிவாக்கும் முன்

நூலகத்தில் உட்கார இடமில்லை என்று வாசகர்கள் சொல்ல ஆரம்பித்ததும், மேலே ஒரு மாடி எழுப்பிவிடலாம் என்றுதான் பேச்சு தொடங்குகிறது. நூலகத் திட்டமிடல் என் வேலை. இப்படித் தொடங்கும் கூட்டங்களில் நான் முதலில் கேட்பது கட்டட வரைபடத்தை அல்ல, எந்த மணி நேரத்தில் எந்த மூலையில் நெரிசல் என்ற கணக்கை. அது பெரும்பாலும் இருப்பதில்லை.

இரவல் பதிவேடு இதற்குப் போதாது. வீட்டுக்கு எடுத்துச் செல்லாமல் அங்கேயே படித்துவிட்டுப் போகிறவர்கள் அதில் வரமாட்டார்கள். அதனால் மணிக்கு ஒரு தடவை ஒவ்வொரு பகுதியிலும் எத்தனை பேர் இருக்கிறார்கள், நூலகத்துப் புத்தகம் படிக்கிறார்களா, சொந்தப் புத்தகத்தோடு வந்திருக்கிறார்களா என்று குறித்துக்கொள்ள வேண்டும். மேசையில் விட்டுச்சென்ற புத்தகங்களைத் திரும்ப அடுக்கும் முன் எண்ணிவிட வேண்டும். சாதாரண வாரம் ஒன்று, தேர்வுக் காலத்து வாரம் ஒன்று, இரண்டுமே தேவை.

எண்ணிப் பார்த்தால் வேறு சில விஷயங்களும் தெரியவரும். நான்கு பேர் உட்காரும் மேசையில் இரண்டு பேர் உட்கார்ந்தாலே அது நிறைந்த மேசை ஆகிவிடுகிறது. முன்பின் தெரியாதவருக்கு எதிரே உட்காரப் பலருக்குத் தயக்கம், மீதி இடத்தில் பைகள். இந்த மாதிரி இடங்களில், சுவரையோ ஜன்னலையோ பார்த்தபடி தனி இருக்கைகள், பக்கத்திலேயே பிளக் பாயிண்ட் என்று மாற்றினால், கட்டடத்தைத் தொடாமலே கணிசமானவர்களுக்கு இடம் கிடைக்கும்.

அலமாரிகளுக்கும் இதே கதைதான். ஒரு தட்டு முக்கால்வாசி நிறைந்திருப்பதே சரியான அளவு. அதைத் தாண்டி நெருக்கினால், புதிதாக ஒரு புத்தகம் சேர்க்க வரிசை முழுவதையும் நகர்த்த வேண்டிவரும். நூலகம் வளரும் உயிரி என்று இந்திய நூலகவியல் முன்னோடி எஸ்.ஆர். ரங்கநாதன் 1931-ல் வகுத்தார். உயிர் உள்ளது எதுவும் கழிவை வெளியேற்றாமல் வளராது. காலாவதியான பதிப்புகளையும் தேவைக்கு மேல் இருக்கும் படிகளையும் முறைப்படி நீக்கிய பிறகே, அலமாரிக்கு எவ்வளவு இடம் வேண்டும் என்று அளக்க வேண்டும்.

இனி நான் மிகவும் கவலைப்படும் விஷயம், எடை. படிப்பறை ஒன்று காலியாகக் கிடக்கிறது, அங்கே அலமாரிகளைப் போட்டுவிடலாம் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து அங்கேயே நிறுத்துங்கள். அமெரிக்கக் கட்டுமானத் தரத்தில் படிப்பறைத் தளம் சதுர அடிக்கு 60 பவுண்டு தாங்கினால் போதும், புத்தக அடுக்கறைக்கோ 150 பவுண்டு வேண்டும், அதாவது இரண்டரை மடங்கு. ஒரு மீட்டர் நீளத்துக்கு அடுக்கிய புத்தகங்கள் சுமார் 30 கிலோ வரும். இருபக்கமும் ஏழேழு தட்டு வைத்த ஒரு மீட்டர் அகல அலமாரியில் புத்தகம் மட்டும் 400 கிலோவைத் தாண்டும். தண்டவாளத்தில் நகரும் நெருக்க அலமாரிகள் நடைபாதை இடத்தையும் நிரப்பிவிடுவதால், அவற்றின் பாரம் இன்னும் அதிகம். தளம் பார்க்க உறுதியாக இருக்கிறது என்பது ஒரு பதிலே அல்ல. பழைய கட்டமைப்பு வரைபடத்தோடு கட்டமைப்புப் பொறியாளர் வந்து பார்த்து, எழுத்தில் தர வேண்டும். புதிய மாடி என்றால் அஸ்திவாரத்துக்கும் இதே சோதனை. முடிந்தவரை கனமான அடுக்கறைகளைத் தரைத்தளத்தில் வைத்து, இருக்கைகளை மேலே கொண்டுபோவது நல்லது. அங்கே லிஃப்டும் சரிவுப் பாதையும் இல்லையென்றால், படியேற முடியாத வாசகர்களை நாமே வெளியே தள்ளிவிட்டதாக ஆகும்.

மற்றவை சுருக்கமாக: குழந்தைகள் பகுதி நுழைவாயிலுக்கு அருகே, அமைதிப் பகுதி அதிலிருந்து தூரத்தில். கூட்டம் கூடும்போது கழிப்பறைகளும் கூட வேண்டும். தீயை அணைக்கக் கூரையிலிருந்து நீர் தெளிக்கும் ஸ்பிரிங்ளர் இருந்தால் அதற்கும் அலமாரி உச்சிக்கும் நடுவே 45 செ.மீ. இடைவெளி. ஈரப்பதம் 65 சதவீதத்துக்கு மேல் நீடித்தால் பூஞ்சை வரும், காற்றோட்டம் பின்னால் யோசிக்கும் விஷயம் அல்ல.

அப்புறம், வேலை நடக்கும் மாதங்களில் நூலகம் எப்படி இயங்கும் என்பதும் திட்டத்துக்குள்ளேயே இருக்க வேண்டும். எந்தப் பகுதியை முதலில் மூடுவது, தூசியைத் தடுக்கும் திரை எங்கே, தினசரி படிக்க வருபவர்கள் எங்கே உட்காருவார்கள் என்றெல்லாம் முன்பே எழுதி ஒட்டுங்கள். இதைப் பேசும் கூட்டத்துக்கு, புத்தகங்களைத் திரும்ப அடுக்கும் உதவியாளர்களைக் கட்டாயம் அழையுங்கள். தள்ளுவண்டி எந்தத் திருப்பத்தில் மாட்டுகிறது என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.