"மீட்டர் சரியாத்தான் இருந்துச்சு, அண்ணே!"

போன வாரமும் ஒரு தம்பி ஹார்ட் டிஸ்க்கைத் தூக்கிக்கொண்டு வந்தார். இந்த மாதத்தில் மூன்றாவது ஆள். "சத்தம் எவ்வளவுன்னு காட்டுற மீட்டர் சரியாத்தான் இருந்துச்சு, அண்ணே. ஆனா பதிவுல குரல் கரகரங்குது. கம்ப்யூட்டர்ல போட்டுச் சரிபண்ணிக் கொடுங்க."

முடியாது. இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது.

பதிவில் இருந்தது அவருடைய பாட்டி. மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர், தொண்ணூறை நெருங்குகிறார். 1948 ஜூன் 16 அன்று எல்பில் தோட்டத்தில் வெள்ளைக்காரத் துரையைச் சுட்டுக் கொன்றார்களே, அப்போது அவர் சிறுமி. நாட்டில் அவசரகாலம் வந்ததே அந்தச் சம்பவங்களுக்குப் பிறகுதான். அந்த நாளை நினைவிலிருந்து சொல்ல இன்னும் எத்தனை பேர் மிச்சம்?

பாட்டி மெல்லப் பேசுகிறார் என்று தம்பி மிக்சரில், அதாவது மைக்கின் சத்தத்தைச் சரிசெய்து அனுப்பும் பெட்டியில், கெயின் குமிழை முழுக்கத் திருகிவிட்டார். கதை சூடுபிடித்ததும் பாட்டியின் குரல் ஏறியது, மீட்டர் சிவப்பைத் தொட்டது. தம்பி ஃபேடரை இறக்கினார். மீட்டர் நல்ல பிள்ளையாகக் கீழே வந்துவிட்டது. அப்புறம் நிம்மதியாக உட்கார்ந்துவிட்டார்.

இங்கேதான் எல்லாரும் சறுக்குகிறார்கள். கெயினும் ஃபேடரும் ஒரே வேலைக்கு வைத்த இரண்டு குமிழ் என்று நினைப்பு. மைக்கிலிருந்து வருவதைப் பெருக்குவது ப்ரீஆம்ப். எவ்வளவு பெருக்க வேண்டும் என்று அதற்குச் சொல்வது கெயின். ஃபேடர் வருவது அதற்குப் பிறகு, பெருக்கியதில் எவ்வளவை வெளியே விடுவது என்று சொல்ல. பால்மரத்தில் பால் பிடிக்க வைக்கும் கிண்ணத்தை, அந்த மங்கு என்பதை, நினைத்துக்கொள்ளுங்கள். மங்கு நிரம்பி மண்ணில் வழிந்துவிட்டது. நீங்கள் அதிலிருந்து வாளிக்குக் கொஞ்சமாக ஊற்றிவிட்டு, "வாளி நிரம்பவே இல்லையே" என்கிறீர்கள். வாளி நிரம்பவில்லைதான். மண்ணில் போன பாலை யார் அள்ளுவது? ப்ரீஆம்ப்தான் மங்கு, உங்கள் பெரிய மீட்டர் பெரும்பாலும் வாளியைத்தான் காட்டுகிறது. மங்கு வழிவதைச் சொல்ல கெயின் குமிழ் பக்கத்தில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு இருக்கும். அதை யாரும் பார்ப்பதே இல்லை. அது மினுக்கினால் குறைக்க வேண்டியது கெயினை. ஃபேடரை அல்ல. கெயினை!

அலையின் தலை வெட்டுப்பட்டுத் தட்டையான பிறகு மென்பொருள் செய்வதெல்லாம் ஊகித்து ஒட்டுப்போடும் வேலை. ஓரிரு இடமென்றால் ஒட்டும். பத்து நிமிடம் ஒட்டாது.

"32 பிட் ஃப்ளோட் இருக்கே, எவ்வளவு பெரிய சத்தமானாலும் வெட்டுப்படாமப் பதியுமே" என்று உடனே சொல்வீர்கள். முறையாக அமைந்த ரெக்கார்டருக்குள் அது பெரிய பாதுகாப்புதான். ஆனால் மைக்கே திணறினால் அதுவும் காப்பாற்றாது. ரெக்கார்டரிலிருந்து கேபிள் போட்டுக் கேமராவுக்குள் அனுப்புகிற சத்தத்துக்கும் அந்தப் பாதுகாப்பு கிடையாது.

லெவல் பார்ப்பதற்கு "சாப்பிட்டீங்களா பாட்டி?" என்று கேட்காதீர்கள். அவர் "ம்" என்பார். லயத்தில், அந்தத் தோட்ட வீட்டு வரிசையில், கடைசி வீட்டு ஆளைக் கூப்பிடச் சொல்லுங்கள். அந்தக் குரலுக்குக் கெயின் வையுங்கள். அதுவரை ஃபேடர் '0' என்று குறித்த கோட்டில் இருக்கட்டும், அடிமட்டத்தில் அல்ல. டிஜிட்டல் மீட்டரில் 0 டெசிபெல்தான் கூரை; சாதாரணப் பேச்சு -20 பக்கம், உச்சம் -12 பக்கம் போதும். 24 பிட்டில் பதிவு செய்கிறீர்கள், மேலே முட்டவேண்டிய அவசியமே இல்லை. ஹெட்போன் குமிழ் உங்கள் காதுக்கு மட்டும், பதிவுக்கும் அதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை.

உறுமி மேளம் எடுக்கிறவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. பழைய மிக்சரில் ஊசி ஆடும் வி.யூ. (VU) மீட்டர் இருந்தால் அதை நம்பாதீர்கள். அந்த ஊசி எழுந்து நிற்கவே 300 மில்லிசெகண்ட் பிடிக்கும். அதற்குள் அடி விழுந்து முடிந்திருக்கும். உச்சம் காட்டும் மீட்டரைப் பாருங்கள், தாராளமாக இடம் விடுங்கள். சத்தம் எல்லை தாண்டாமல் அமுக்கும் லிமிட்டரைப் போட்டு வையுங்கள், ஆனால் அது எப்போதாவது ஒரு அதிர்வெடிக்குத்தான். திருவிழா முழுக்க அதன் விளக்கு எரிந்துகொண்டிருந்தால் தப்பு உங்கள் கையில். ஜெனரேட்டர் உறுமினால் 80 ஹெர்ட்ஸில் லோ கட், அதாவது அடிச்சத்தத்தை வெட்டும் பொத்தானை, போடுங்கள், உறுமிக்கு மட்டும் போடுமுன் யோசியுங்கள்.

அப்புறம் மிக்சரிலிருந்து வெளியே போகும் சத்தத்துக்கு லைனா மைக்கா என்று கேட்கும் அந்த அவுட்புட் சுவிட்ச். லைன் என்றால் 1 வோல்ட்டுக்கும் மேல், மைக் என்றால் சில மில்லிவோல்ட். லைனை எடுத்துக் கேமராவின் மைக் துளையில் செருகிவிட்டு என்னிடம் அழக்கூடாது. பல மிக்சர்களில் 1 கிலோஹெர்ட்ஸ் டோன், சோதனைக்கான ஒரே சீரான சத்தம், இருக்கும். அதைத் தட்டிக் கேமராவில் -20 வருகிறதா என்று பாருங்கள், அரை நிமிட வேலை. கண்டன்சர் மைக்குக்கு மின்சாரம் கொடுக்கும் 48 வோல்ட் பொத்தானை மறந்தவர்களைப் பற்றி இன்று பேசப் போவதில்லை.

தயவுசெய்து ஹார்ட் டிஸ்க்கோடு வராதீர்கள். பதிவுக்கு முந்தின நாள் மிக்சரோடு வாருங்கள், காசு வேண்டாம்.

அந்தத் தம்பியோடு நானே போனேன். பாட்டியை மறுபடி உட்காரவைத்து அதே கதையைக் கேட்டோம். "அதான் அன்னைக்கே சொல்லிட்டேனே, ஐயா" என்றார். சத்தம் சுத்தமாக வந்திருக்கிறது. நாற்பது நிமிடம் சொன்ன கதையை இந்த முறை ஆறு நிமிடத்தில் முடித்துவிட்டார்.