புற்றுநோய் போய்விட்டது, தைராய்டு மாத்திரையின் அளவு மட்டும் ஏன் அப்படியே இருக்கிறது?

போன வருடம் என்னிடம் சிகிச்சைக்கு வந்த ஓர் அம்மாவுக்கு வயது 61. பேரனைத் தூக்கும்போது முதுகில் சுளீரென்று ஒரு வலி, சுளுக்கு என்று நினைத்து மூன்று வாரம் தைலம் தேய்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். எக்ஸ்ரேயில் முள்ளெலும்பு ஒன்று நசுங்கியிருந்தது. பிள்ளையைத் தூக்கியதற்கெல்லாமா எலும்பு உடையும் என்று மகள் கேட்டார். பழைய ஃபைலைப் புரட்டியபோதுதான் விஷயம் பிடிபட்டது. ஒன்பது வருடத்துக்கு முன் தைராய்டு புற்றுநோய்க்காகச் சுரப்பியை முழுவதுமாக எடுத்திருக்கிறார்கள், மிச்சமிருக்கும் தைராய்டு செல்லை அழிக்கிற கதிரியக்க மருந்தான ரேடியோ அயோடினும் கொடுத்திருக்கிறார்கள். அன்று எழுதிய 150 மைக்ரோகிராம் மாத்திரையைத்தான் இன்றுவரை விழுங்குகிறார். தைராய்டைத் தூண்டுகிற ஹார்மோனான டி.எஸ்.எச். ரத்தத்தில் 0.02தான், மிகவும் குறைவு.

அந்த அளவை எழுதியது தப்பில்லை. மிச்சம் மீதி புற்றுநோய் செல் இருந்தால் டி.எஸ்.எச். அதைத் தூண்டிவிடும், அதனால் உடம்புக்குத் தேவையானதைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே தைராக்சின், அதாவது அந்த மாத்திரையில் இருக்கிற தைராய்டு ஹார்மோன், கொடுத்து டி.எஸ்.எச்.சை அமுக்கி வைப்போம். ஆனால் தைரோகுளோபுலினும் (தைராய்டு செல் மிச்சமிருக்கிறதா என்று காட்டும் ரத்தப் பரிசோதனை) கழுத்து ஸ்கேனும் வருடக்கணக்கில் சுத்தமாக இருக்கிற, ஆபத்து குறைந்த நோயாளிக்கு டி.எஸ்.எச். 0.5 முதல் 2 வரை இருந்தாலே போதும். யாரோ ஒருவர் உட்கார்ந்து அளவை மாற்றி எழுத வேண்டும். அறுவை செய்தவர் ஓர் ஊர், மாத்திரைச் சீட்டை புதுப்பிப்பவர் இன்னோர் ஊர் என்றால் அது நடப்பதே இல்லை.

எலும்பு தினமும் கொஞ்சம் இடிந்து, கொஞ்சம் கட்டப்படுகிற பொருள். தைராக்சின் கூடினால் இரண்டு வேலையும் வேகமெடுக்கும், ஆனால் இடிக்கிற வேகத்துக்குக் கட்டுகிற வேகம் ஈடுகொடுக்காது. மாதவிடாய் இருக்கும்வரை ஈஸ்ட்ரோஜன் இடிப்பதை இழுத்துப் பிடிக்கிறது, அதனால் அந்த வயதில் பாதிப்பு பெரிதாகத் தெரிவதில்லை. நின்ற பிறகு அந்தக் கடிவாளமும் போய்விடுகிறது. நம் ஊரில் மூட்டு வலியைத்தான் எலும்புத் தேய்மானம் என்கிறோம், இது அது இல்லை. உடையும்வரை வலியே இருக்காது, எலும்பின் அடர்த்தியை அளக்கிற டெக்சா ஸ்கேன் எடுத்தால்தான் தெரியும். அதில் வரும் டி-ஸ்கோர் என்ற எண் மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே போனால் எலும்பு மெலிவு நோய்.

இதைப் படித்துவிட்டு நாளைக் காலை மாத்திரையைப் பாதியாக உடைத்துவிடாதீர்கள். சிலருக்கு நோயின் தன்மையைப் பொறுத்து அமுக்கியே வைக்கத்தான் வேண்டும், அவர்களுக்கு எலும்புக்கான மருந்தைக் கூடவே கொடுப்போம். டாக்டரிடம் "எனக்கு இப்போ டி.எஸ்.எச். எவ்வளவு இருக்கணும்?" என்று மட்டும் கேளுங்கள்.

அப்புறம் கால்சியம். மாதவிடாய் நின்றவர்களுக்கு நாளைக்கு 1200 மில்லிகிராம் தேவை, 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 இருக்கிறது, பாலும் தயிரும் சேர்ந்தால் பாதிக்கு மேல் சாப்பாட்டிலேயே வந்துவிடும். கால்சியம் மாத்திரை எடுத்தால் தைராய்டு மாத்திரைக்கும் அதற்கும் நான்கு மணி நேரம் இடைவெளி வேண்டும், இரண்டையும் ஒன்றாக விழுங்கினால் தைராக்சின் சரியாக உள்ளே போகாது. எனக்குத் தெரிந்து பாதிப் பேர் காலையில் ஒரே மடக்கில்தான் போடுகிறார்கள்.

அந்த அம்மாவுக்கு வைட்டமின் டி-யைச் சரிசெய்த பிறகே வருடத்துக்கு ஒருமுறை போடுகிற எலும்பு ஊசியைத் தொடங்கினோம். வாரம் ஒருமுறை போடுகிற எலும்பு மாத்திரையும் வெறும் வயிற்றில்தான், தைராய்டு மாத்திரையோடு அது மல்லுக்கட்டும் என்பதால்தான் ஊசி. ஊசிக்கு முன்னால் இன்னொன்றும் பார்த்தோம்: கழுத்து அறுவையில், ரத்தத்தில் கால்சியத்தைக் கட்டுப்படுத்துகிற பாராதைராய்டு சுரப்பிகள் பாதிக்கப்பட்டிருந்தால் இந்த ஊசி கால்சியத்தை ஆபத்தான அளவுக்கு இறக்கிவிடும். பாதிக்கப்பட்டதா இல்லையா என்கிற விவரம் அந்தப் பழைய ஃபைலில்தான் இருந்தது. உங்களுடையதையும் பரணில் போட்டுவிடாதீர்கள்.