சார்கோபீனியா: சிதைவா, மெலிவா?

முதியோர் நலக் கட்டுரை எதைப் புரட்டினாலும் சார்கோபீனியா என்ற மருத்துவச் சொல்லுக்குத் தமிழில் 'தசைச் சிதைவு' என்றே எழுதியிருக்கிறார்கள். சொல்லின் கதை சிறியது. கிரேக்கத்தில் 'சார்க்ஸ்' என்றால் ஊன், 'பீனியா' என்றால் வறுமை. 1989இல் அமெரிக்க ஊட்டச்சத்து அறிஞர் இர்வின் ரோசன்பெர்க் இரண்டையும் ஒட்டிவைத்தார். மூப்பில் தசையின் அளவும் வலுவும் குறைவதே பொருள். நோயும் படுக்கையும் இதை விரைவுபடுத்தும்.

'சிதைவு' ஏன் கூடாது? அந்தப் பெயருக்கு ஏற்கெனவே உரிமையாளர் உண்டு. டூசென் போன்ற மரபணு நோய்களைத்தான் தசைச் சிதைவு என்று சொல்லி வருகிறோம். பாட்டியின் தளர்ச்சிக்கும் அதே பெயரைச் சூட்டினால், இணையத்தில் தேடும் பேரன் அரண்டுபோவான். அதைவிடப் பெரிய குறை, சிதைந்தது மீளாது என்ற எண்ணம். இதுவோ மீளக்கூடியது. பாஸ்டனின் முதியோர் இல்லமொன்றில், சராசரி வயது 87 உள்ள 100 பேரை வைத்து நடந்த ஆய்வு 1994இல் வெளியானது. பத்து வாரம் பளுப் பயிற்சி செய்தவர்களின் கால் வலு இரு மடங்குக்கும் மேலானது. ஊட்டச்சத்துப் பானம் மட்டும் குடித்தவர்களுக்கு வலு கூடவில்லை. 'சிதைவு' என்று கேட்ட குடும்பம் என்ன செய்யும்? "பாவம், படுத்திருக்கட்டும்" என்று கஞ்சியைக் கொடுத்துப் படுக்க வைக்கும். உள்ள தசையும் போய்விடும்.

'ஊனிழப்பு' என்றும் சிலர் சொல்லிப் பார்க்கிறார்கள். வேருக்கு நேர்மையான ஆக்கம்தான். ஆனால் ஊன் என்றால் இன்று இறைச்சிதான் நினைவுக்கு வருகிறது. போதாததற்கு 'ஊனம்' வேறு பக்கத்தில் நிற்கிறது.

'மூப்புத் தசைமெலிவு' என்பதே என் தேர்வு. ஆள் பருமனாக இருந்தும் தசை மெலிந்திருக்கலாம். ஆகவே 'தசை'யை விட முடியாது. அளவைவிட வலுவே முதன்மை என்று 2018இல் ஐரோப்பிய வல்லுநர் குழு சார்கோபீனியாவின் வரையறையைத் திருத்தியதே என்பீர்கள். கைப்பிடி வலு ஆணுக்கு 27 கிலோவுக்கும் பெண்ணுக்கு 16 கிலோவுக்கும் கீழே போனால் ஐயப்பட வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. அதற்கும் மெலிவு பொருந்தும். வலியாருக்கு எதிரே மெலியாரைத்தானே குறள் நிறுத்துகிறது? மெலிந்தவர் தேறுவார் என்ற நம்பிக்கையும் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

'தசைச் சிதைவு' என்று எழுதும் இதே மொழிபெயர்ப்பாளர்கள், 'ரெசிஸ்டன்ஸ்' என்ற ஆங்கிலச் சொல்லைப் பார்த்துப் பளுப் பயிற்சியை 'எதிர்ப்புப் பயிற்சி' என்கிறார்கள். யாரை எதிர்த்து? நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து உட்காருவதும் இதில் அடக்கம் என்று ஒருவரி எழுத மாட்டார்கள். 'போதிய புரத உட்கொள்ளலை உறுதிசெய்க' என்று மட்டும் எழுதுவார்கள். முதியவருக்கு உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம், நோயுற்றிருந்தால் 1.5 வரை, கடும் சிறுநீரக நோயாளி மட்டும் மருத்துவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும். இதை முட்டை, மீன், பருப்பு, சுண்டல் என்று பெயர் சொல்லி எழுதினால் கலைச்சொல் அகராதி கோபித்துக்கொள்ளுமா என்ன?