ஒலி ஈரத்தை விரட்டும் விதம்

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற ஊர்களில் வளர்ந்தவர்களுக்குப் புகைவீட்டின் வேலை தெரிந்ததே. அமிலம் விட்டு உறைய வைத்த ரப்பர் பாலை உருளைகளில் அழுத்தி, ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் தடிப்புள்ள ஷீட்டுகளாக்கி, 40 முதல் 60 பாகை செல்சியஸ் வெப்பத்தில் அங்கே சில நாட்கள் தொங்கவிட்டு உலர்த்துவார்கள். விறகைக் கூட்டி விரைவுபடுத்தலாம் என்றால், வெப்பம் மிஞ்சியதும் ஷீட்டில் குமிழிகள் கிளம்பிவிடும். வெப்பத்தைக் கூட்டாமல் அது ஈரத்தைச் சென்றடையும் வழியைச் செப்பனிட முடியுமா என்ற கேள்விக்கான விடைகளுள் ஒன்று ஒலி.

ஈரமான எப்பொருளின் மேலும் அசைவு குறைந்த மெல்லிய காற்றுப் படலம் ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். ஒரு கிலோ நீரை ஆவியாக்கத் தேவைப்படும் சுமார் 2,400 கிலோஜூல் வெப்பமும் இப்படலத்தைக் கடந்தே உள்ளே போக வேண்டும். ஆவியும் இதைக் கடந்தே வெளியேற வேண்டும். காற்றோ வெப்பத்தை எளிதில் கடத்தாது. கொடியில் போட்ட துணி காற்றடிக்கும் நாளில் சீக்கிரம் காய்வது, வெயில் கூடியதால் அன்று, இப்படலம் மெலிவதால்தான். விசிறியும் அதையே செய்கிறது. ஆனால் ஒரே திசையில் வீசும் காற்று, மேற்பரப்பை ஒட்டிய இடத்தில் எப்போதும் தயங்கியே நகரும்.

ஒலியலை காற்றை முன்னும் பின்னும் ஆட்டுகிறது. 155 டெசிபெல் வலுவுள்ள அலையில் இந்த ஆட்டத்தின் வேகம் நொடிக்கு ஏறக்குறைய 2.7 மீட்டர். அதிர்வெண் 100 ஹெர்ட்ஸ் என்றால் காற்று இருபுறமும் சுமார் 6 மில்லிமீட்டர் நகரும். 20,000 ஹெர்ட்ஸில் அந்நகர்வு ஒரு மயிரிழையின் பருமனைக்கூட எட்டாது. ஆட்டத்தின் வேகம் வீசும் காற்றின் வேகத்தை விஞ்சும்போது, ஒவ்வோர் அதிர்விலும் ஓட்டம் ஒருகணம் திசை திரும்புவதால் படலம் நிலைகொள்ள இடமில்லாமல் போகிறது. இதனுடன், 1884இல் ஆங்கிலேய இயற்பியலாளர் ரேலி பிரபு கணித முறையில் விளக்கிய நிலையான சிறு சுழல்களும் சேர்ந்து ஈரக்காற்றை அகற்றுகின்றன. அறைக்குள் அலை எதிரொலித்து, நகராமல் ஒரே இடத்தில் ஆடும் நிலையலையாகும்போது, அழுத்தம் உச்சமாகும் இடத்தில் காற்று ஆடுவதில்லை. ஆகவே பொருளை வேகம் உச்சமாகும் இடத்தில் வைப்பது முக்கியம்.

இத்தகைய ஒலியை அழுத்தப்பட்ட காற்றால் ஊதும் ஆலைச் சங்கு (சைரன்) போன்ற கருவியிலிருந்தும் பெறலாம். எனக்குக் கெட்டிக்காரத்தனமாகத் தோன்றுவது துடிப்பு எரிகலன்: எரிபொருள் விட்டுவிட்டு வெடித்து எரிவதால் வெப்பமும் ஒலியும் ஒரே குழாயிலிருந்து கிடைத்துவிடுகின்றன. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனி ஏவிய வி-1 குண்டின் எஞ்சினும் இவ்வகையைச் சேர்ந்ததே.

ஆனால் மேற்பரப்பு ஈரம் தீர்ந்தபின், உள்ளிருக்கும் நீர் பொருளின் ஊடே மெல்லக் கசிந்து வந்தாக வேண்டும். இவ்வகை ஒலியால் அதை அவ்வளவாக விரைவுபடுத்த இயலாது. ரப்பர் ஷீட் உலரும் காலத்தின் பெரும்பகுதி இக்கட்டத்திலேயே கழிவதால், புகைவீட்டுக்கு இதைப் பரிந்துரைக்க நான் தயங்குவேன். தெளிக்கப்படும் துளிகள், தூள், சிறு மணிகள் ஆகியவற்றுக்கே இது பொருந்தும். அங்கும் உலர்த்தும் கலனைக் கனமான உறைக்குள் அடைத்தாக வேண்டும்: மலேசியாவின் 2019ஆம் ஆண்டு இரைச்சல் விதிகள் 8 மணி நேர வேலைக்கு அனுமதிப்பது சராசரி 85 டெசிபெல், 155 டெசிபெல் ஒலியின் செறிவு அதைப்போல் ஏறக்குறைய ஒரு கோடி மடங்கு.