கொன்றவனை விட்டுவிட்டு, கொல்லப்பட்டவர்களைப் பார்த்தால்

தொடர்கொலை என்றதும் நம் பேச்சு கொலையாளியின் மூளைக்கும் சிறுவயதுக்கும் ஓடிவிடுகிறது. பிரிட்டனில் சிறைக் கண்காணிப்பாளராக இருந்து, பின்னர் குற்றவியல் பேராசிரியரான டேவிட் வில்சன் அந்தப் பக்கம் அதிகம் போவதில்லை. செத்தவர்கள் யார் என்பதுதான் அவருடைய கேள்வி.

பிரிட்டிஷ் வழக்குகளில் திரும்பத் திரும்ப வருபவர்கள் முதியவர்கள், பாலியல் தொழில் செய்யும் பெண்கள், தன்பாலீர்ப்பு ஆண்கள், வீட்டைவிட்டு வந்த இளையவர்கள், கைக்குழந்தைகள். காணாமல் போனாலோ இறந்தாலோ பெரிதாக யாரும் கேள்வி கேட்காதவர்கள். கொல்லும் ஆசை எந்த நாட்டிலும் யாருக்காவது இருக்கும். அவன் ஒரு கொலையோடு பிடிபடுவானா, இருபதுவரை போவானா என்பதைச் சுற்றியிருக்கும் அமைப்புதான் தீர்மானிக்கிறது.

ஹரால்ட் ஷிப்மன் இதற்குச் சரியான உதாரணம். மான்செஸ்டர் பக்கம் ஹைட் என்ற ஊரில் குடும்ப டாக்டர். நோயாளிகளுக்கு டயாமார்ஃபின் (மருத்துவத்தில் பயன்படும் ஹெராயின்) ஊசி போட்டுக் கொன்றார், பெரும்பாலும் வயதான பெண்களை. அப்புறம் இறப்புச் சான்றிதழையும் அவரே எழுதினார். தகனத்துக்கு அப்போது இன்னொரு டாக்டரின் கையெழுத்தும் தேவைப்பட்டது. அவர்களும் சக டாக்டரை நம்பிப் போட்டுக் கொடுத்தார்கள். 1998 மார்ச்சில் அதே ஊர் டாக்டர் ஒருவர் சந்தேகம் எழுப்பினார். போலீஸ் மேலோட்டமாக விசாரித்து மூடியது. அதன் பிறகும் மூன்று பேர் கொல்லப்பட்டார்கள். கடைசியில் ஷிப்மனைச் சிக்கவைத்தது, கொன்ற நோயாளி ஒருவரின் சொத்து தனக்கே வரும்படி அவர் தயாரித்த போலி உயில். 2000இல் 15 கொலைகளுக்குத் தண்டனை. 2002இல் பொது விசாரணை சொன்ன எண்ணிக்கை 215. டாக்டர் சான்றளிக்கும் எந்த மரணத்தையும் ஒரு சுயேச்சையான டாக்டர் சரிபார்த்தாக வேண்டும் என்ற விதி இங்கிலாந்தில் சட்டப்படி கட்டாயமானது 2024 செப்டம்பரில்தான்!

பீட்டர் சட்கிளிஃப் கதை வேறு மாதிரி. 1975 முதல் 1980 வரை 13 பெண்களைக் கொன்றவனைப் போலீஸ் ஒன்பது முறை விசாரித்து விட்டுவிட்டது. தகவல் எல்லாம் அட்டைகளில் இருந்தது. ஒன்றோடொன்று இணைக்க ஆளில்லை. பாலியல் தொழிலாளிகள் மட்டும் செத்துக்கொண்டிருந்த வரையில் ஊருக்கும் அவ்வளவு பதற்றமில்லை.

வில்சனுக்குச் சிறைச் சீர்திருத்தமும் இதே கேள்விதான்: யாரும் திரும்பிப் பார்க்காத இடத்தில் என்ன நடக்கிறது?

அவர் பணியாற்றிய கிரெண்டன், குழுப் பேச்சையே சிகிச்சையாக வைத்து நடக்கும் இங்கிலாந்துச் சிறை; 1962இல் தொடங்கியது. கொலை, பாலியல் வன்முறை போன்ற கடும் குற்றம் செய்தவர்கள் தாங்களாக விண்ணப்பித்துத்தான் அங்கே போக முடியும். ஒரு பிரிவில் சுமார் 40 பேர். சிறு குழுவாக உட்கார்ந்து, செய்த குற்றத்தைச் சக கைதிகள் முன் விளக்க வேண்டும். மழுப்பினால் அதிகாரியைவிட முதலில் கண்டுபிடிப்பவன் இன்னொரு கைதி. வன்முறையில் இறங்கினாலோ போதைப்பொருள் தொட்டாலோ, அவர் தொடரலாமா என்று சக கைதிகளே வாக்களிப்பார்கள். தனிமைக் கொட்டடி கிடையாது. சொகுசுச் சிறை என்பவர்கள் அந்த வட்டத்தில் ஒரு மணிநேரம் உட்கார்ந்து பார்க்கலாம்.

பலன் உண்டா? 18 மாதத்துக்கு மேல் தங்கியவர்கள் மீண்டும் தண்டனை பெறுவது குறைகிறது என்று ஆய்வுகள் காட்டின. விருப்பப்பட்டு வந்தவர்கள் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். 2010இல் அங்கேயே ஒரு கைதி இன்னொருவரைக் கொன்றதும் நடந்தது.

இடமோ இருநூறு சொச்சம் பேருக்குத்தான்; இங்கிலாந்து, வேல்ஸ் சிறைகளில் இருப்பவர்கள் 80,000க்கும் மேல். அதைவிடச் சிக்கல், இந்தச் சிகிச்சைக்கு நீண்ட தண்டனை வேண்டும். சில மாதத் தண்டனையில் வந்து போகிறவர்கள்தான் அதிகமாகத் திரும்பி வருகிறார்கள், அவர்களுக்கு கிரெண்டனில் இடமே இல்லை.