எந்தத் தண்ணீர், எத்தனை படி?

தையல் பிரித்த மறுநாளே கேட்டுவிட்டார்: "சாரே, இனிக் குளத்தில் சாடலாமா?" சாடுவது என்றால் எங்கள் ஊரில் குதிப்பது.

வயது 66. ஓய்வு பெற்ற பஸ் டிரைவர், கன்னியாகுமரி மாவட்டம் கல்குளம் தாலுகாக்காரர். தேய்ந்துபோன இடுப்பு மூட்டை எடுத்துவிட்டுப் பந்தும் கிண்ணமும் புதிதாகப் பொருத்தி 15 நாள்தான் ஆகியிருந்தது. வாக்கர் பிடித்து வராந்தாவின் மறுமுனைக்குப் போகவே மூச்சு வாங்கியது. ஆனால் பல வருட வலி போய்விட்டது. வலி போனால் நோயும் போயிற்று என்பது நம் ஊர்க் கணக்கு.

நான் சிரிக்கவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் இதே கேள்விக்கு யோசிக்காமல் பதில் சொன்னவன் நான். கேட்டது இதே ஆபரேஷன் செய்துகொண்ட ஓர் அக்கா. "மூன்று மாதம் ஆயிற்று, காயமும் ஆறிவிட்டது, நீந்தலாம்" என்றேன். என் மனத்தில் இருந்தது கைப்பிடியும் தெளிந்த தண்ணீருமாக ஒரு நீச்சல் குளம். அவர் நினைத்தது வீட்டுக்குப் பின்னாலிருந்த ஊர்க்குளத்தை. தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு, ஒரு வாளித் துணியோடு போயிருக்கிறார். நீந்துவதற்கு முன் துவைக்க வேண்டுமே. கீழ்ப்படியில் குந்தி உட்கார்ந்து துவைத்தவர், பின்னாலிருந்த சோப்பை எடுக்கக் கால் ஊன்றியபடியே உடம்பைத் திருப்பினார். மூட்டு நழுவிவிட்டது. கால் குட்டையாகி, பாதம் உள்நோக்கித் திரும்பிக் கிடந்தவரை நாற்காலியில் வைத்துத் தூக்கி வந்தார்கள். நல்ல வேளையாக மயக்க மருந்து கொடுத்து, கத்தி வைக்காமலேயே மூட்டைப் பழைய இடத்தில் பொருத்த முடிந்தது. இத்தனைக்கும் அன்று அவர் ஒரு முழம்கூட நீந்தவில்லை.

அதன் பிறகு யார் வந்து "எப்போது நீந்தலாம்?" என்று கேட்டாலும் நானும் திருப்பிக் கேட்கிறேன். எந்தத் தண்ணீர்? எத்தனை படி? எதைப் பிடித்து ஏறுவீர்கள்?

நாள் கணக்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தையலோ கிளிப்போ பெரும்பாலும் 10 முதல் 14 நாளில் எடுத்துவிடுவார்கள். அதற்காகக் காயம் மூடிவிட்டது என்று அர்த்தமில்லை. பொருக்கு உதிர்ந்து, கசிவு நின்று, தழும்பு முழுவதும் மூடும் வரை மூழ்கிக் குளிக்கக் கூடாது. தண்ணீருக்குள் நடைப்பயிற்சி செய்யப் பலருக்கும் ஆறு வாரத்தையொட்டி அனுமதி கிடைக்கும். நீந்துவதற்கு ஆறிலிருந்து பன்னிரண்டு வாரம் வரை ஆகலாம். பக்கத்து வீட்டுக்காரருக்குச் சொன்ன கணக்கு உங்களுக்குப் பொருந்தாது. மூட்டைப் பின்பக்கமாகத் திறந்து செய்தார்களா, முன்பக்கமாகவா என்பதைப் பொறுத்து விலக்க வேண்டிய அசைவுகளும் மாறும். பின்பக்கமாகச் செய்தவர்கள் குந்தக் கூடாது, காலைக் குறுக்கே போடக் கூடாது, உள்நோக்கித் திருப்பக் கூடாது. முன்பக்கமாகச் செய்தவர்கள் காலைப் பின்னே நீட்டி வெளிநோக்கித் திருப்பும்போது கவனமாக இருக்க வேண்டும். உங்களுக்கு எது என்பதை டிஸ்சார்ஜ் ஆகும்போதே கேட்டு வையுங்கள்.

"உள்ளே இருக்கிற இரும்பு துருப்பிடித்துவிடாதா?" என்றும் கேட்கிறார்கள். அது இரும்பு அல்ல. பெரும்பாலும் டைட்டானியம் அல்லது கோபால்ட்-குரோமியம் கலவை, நடுவே ஒருவகை பிளாஸ்டிக். நம் உடம்புக்குள் இருப்பதே உப்புத் தண்ணீர்தானே! அதற்குத் தாங்குவது குளத்துக்கும் தாங்கும்.

தண்ணீர் இந்த மூட்டுக்கு நல்லது. இடுப்பளவு ஆழத்தில் நின்றால் கால்கள் சுமப்பது உடல் எடையில் ஏறத்தாழப் பாதி. மார்பளவு என்றால் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் குறைந்துவிடும். கரையில் நொண்டுகிறவர் தண்ணீருக்குள் நிமிர்ந்து நடப்பதை நான் பார்த்துக்கொண்டேயிருக்கிறேன். ஆகவே முதலில் நடை, அப்புறம் நீச்சல். அதிலும் மல்லாந்து மிதப்பது, காலை நீட்டி இடுப்பிலிருந்து மேலும் கீழுமாக மெதுவாக அடிப்பது போன்றவற்றில் தொடங்கலாம். சிக்கல் என்னவென்றால், இங்கே வாழைத்தண்டைக் கட்டிக்கொண்டு குளத்தில் நீச்சல் பழகியவர்களில் பலருக்குக் கால் தானாகவே தவளை போலத்தான் போகும். முட்டியை மடக்கி, விரித்து, சுழற்றி உதைக்கும் அந்த உதை புதிய மூட்டை முறுக்கும். குறைந்தது மூன்று மாதத்துக்கு அது வேண்டாம்; சிலருக்கு நிரந்தரமாகவே வேண்டாம் என்பேன். மேலிருந்து சாடுவதைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

இனி நம் தண்ணீர்கள். ஜூனில் அணை திறந்தால் சானல் என்கிற பாசனக் கால்வாய் வழியாகத் தண்ணீர் வந்து குளம் நிறையும். படிகளில் பாசியும் பிடிக்கும். கலங்கிய நீரில் கடைசிப் படி எங்கே முடிகிறது என்று தெரியாது. தாமரைக்கொடி காலில் சுற்றினால் பதறி முறுக்கி இழுப்போம். சேற்றுப்புண்ணோ கால் வெடிப்போ இருந்தால் அது ஆறும் வரை இறங்காதீர்கள். தோல் வழியாகப் புகும் கிருமி ரத்தத்தில் ஏறி, வருடங்கள் கழித்தும் செயற்கை மூட்டில் போய்த் தங்கிவிடும். அப்புறம் அதைக் கிளப்புவது பெரும்பாடு. மழை வெள்ளம் கலந்த நீரில் எலிக்காய்ச்சல் பயம் வேறு. சானலில் இழுப்பு உண்டு. கடலைப் பொறுத்தவரை நான் கஞ்சன்: சொத்தவிளையானாலும் சங்குத்துறையானாலும் ஆறு மாதத்துக்கு முன் முழங்கால் நனைய நிற்கக்கூட நான் சம்மதிப்பதில்லை. மணலில் ஊன்றிய காலைப் பக்கவாட்டில் வந்து தள்ளும் அலைக்கு ஆபரேஷன் கால் எது என்று தெரியாது.

இன்னொன்று. குளிப்பதற்கு முன் எண்ணெய் தடவி இடுப்பை உழிந்து, காலை மடக்கித் திருப்பிவிடும் பழக்கம் நம் மாவட்டத்தில் உண்டு. இந்த மூட்டில் அது கூடவே கூடாது. கெண்டைக்காலில் புதிதாக வீக்கமோ வலியோ வந்தால் ரத்தக்குழாய்க்குள் ரத்தம் உறைந்திருக்கலாம்; தடவிக்கொண்டிருக்காமல் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். திடீரென மூச்சுத் திணறினால் ஒரு நிமிடமும் தாமதிக்காதீர்கள்.

டிரைவர் அண்ணாச்சியிடம் குளத்துப் படிகளை எண்ணி வரச் சொன்னேன். மகனை அனுப்பி எண்ணியிருக்கிறார். பதினொரு படி, அதில் எட்டாவது ஆடுகிறது, கைப்பிடி கிடையாது. எனவே இப்போதைக்கு எங்கள் பயிற்சி வராந்தாப் படியில் நடக்கிறது. இறங்கும்போது ஆபரேஷன் கால் முதலில், ஏறும்போது நல்ல கால் முதலில். இது எட்டாவது வாரம். எட்டாவது படிக்கு சிமென்ட் வைக்கவும் ஓரமாக ஒரு பைப் நடவும் ஊரில் பேசியிருக்கிறாராம். கொத்தனார் ஞாயிற்றுக்கிழமை வருகிறார்.